அசையும் படத்தால் தேகப்பயிற்சியை ஆராய்தல்

தேகப்பயிற்சி வகுப்பில் நாற்பது மாணவர் ஒரே சமயத்தில் பஸ்கி எடுக்கும்போது, ஒவ்வொருவருடைய முழங்காலும் முதுகும் எவ்வாறு வளைகின்றன என்பதை ஆசிரியர் ஒருவரே கவனித்தல் அரிது. கவனிக்கப்படாத பிழை நாளடைவில் பழக்கமாகிவிடும். இக்குறையை ஓரளவு நீக்க, வீடியோப் படத்தைக் கணிப்பொறியால் ஆராயும் முறை இப்பொழுது கையாளப்படுகிறது. அதன் இயல்பையும் எல்லையையும் அறிந்து கையாளுவோர்க்கே அது பயன் தரும்.

உடல் அசைவைப் படத்தால் அளக்கும் முயற்சி புதியதன்று. பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, 1882ஆம் ஆண்டில் விநாடிக்கு 12 படங்கள் எடுக்கும் கருவியொன்றை அமைத்தார். பின்னர், கரிய உடை அணிந்தவரின் கைகால்களில் வெண்கோடுகளைப் பொருத்தி, அக்கோடுகளின் அசைவை மட்டும் படத்தகட்டில் பதிவு செய்தார். இன்றைய கணிப்பொறிக்கு அத்தகைய கோடுகள் வேண்டுவதில்லை. மூட்டுகளின் இடத்தை மனிதர்கள் குறித்துக் கொடுத்த பல்லாயிரம் படங்களைக் கொண்டு அது பயிற்றப்படுகிறது. அதன்பின் புதிய படத்திலும் மூட்டுகளின் இடத்தை மதிப்பிடுகிறது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓப்பன்போஸ், ஒரே படத்திலுள்ள பலருடைய மூட்டுகளையும் ஒருங்கே குறித்தது. 2020இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட பிளேஸ்போஸ், கைப்பேசியிலேயே இயங்கி, ஒருவர் உடலில் 33 புள்ளிகளைக் குறிக்க வல்லது.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் முழங்காலின் கோணம் கிடைக்கும். நிமிர்ந்து நிற்கையில் அது ஏறத்தாழ 180 பாகை. உடல் தாழத் தாழக் குறையும். கோணம் குறைந்து மீண்டும் கூடுவதை ஒரு தடவை எனக் கணிப்பொறி எண்ணிக்கொள்ளும். ஆனால் எவ்வளவு தாழ்வது சரி என்பதை அது தானாக அறியாது. அதற்குரிய விதியையோ, சரி, பிழை எனப் பிரித்த எடுத்துக்காட்டுகளையோ மனிதரே தரவேண்டும்.

கருவியை வைக்கும் இடம் மிக முக்கியமானது. ஒரு மாணவனின் முழங்கால் கோணம் உண்மையில் 120 பாகை என்றும், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி செங்குத்தாக நிற்கிறது என்றும் கொள்வோம். நேர் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் 120 பாகையே தோன்றும். 45 பாகை விலகி, முன்பக்கச் சாய்வில் எடுத்த படத்திலோ, தொடை குறுகித் தெரிவதால் கோணம் ஏறத்தாழ 129 பாகையாகத் தோன்றும். தட்டையான படத்தை மட்டும் கொண்டு அளந்தால், சரியாகத் தாழ்ந்த மாணவன் தாழவில்லை என்று தவறாகக் குறிக்கப்படுவான்.

வேறொரு குறையும் உண்டு. மேற்கூறிய 33 புள்ளிகளில் ஒன்றேனும் தோளுக்கும் இடுப்புக்கும் இடையே முதுகெலும்பின்மீது அமைவதில்லை. ஆகவே தோளும் இடுப்பும் உரிய இடத்தில் இருப்பினும், நடுமுதுகு கூனியிருப்பதை அப்புள்ளிகள் காட்டமாட்டா. புடவை, வேட்டி போன்ற தளர்ந்த உடைகள் முழங்காலை மறைத்தால், அதன் இடம் ஊகத்தாலேயே குறிக்கப்படும்.

இம்முறையைக் கையாளுவோர் கைப்பேசியை அசையாத தாங்கியில், இடுப்பு உயரத்தில் நிறுத்தி, தலைமுதல் பாதம்வரை படத்தில் அடங்கச் செய்தல் வேண்டும். உடல் தாழும் அளவைப் பக்கவாட்டிலிருந்தும், முழங்கால்கள் உட்புறம் சாய்வதை முன்னிருந்தும் படமெடுத்தல் நன்று. பெற்றோரின் இசைவின்றிச் சிறுவர்களைப் படமெடுத்தலும், எடுத்த படத்தைப் பிறர்க்கு அனுப்புதலும் தகாதன.

மூட்டின் கோணத்தைப் படம் காட்டும். மூட்டிலுள்ள வலியைக் காட்டாது. முழங்கால் வலிக்கிறது என்று மாணவன் கூறுவானாயின், கருவி ‘சரி’ என்று குறித்திருப்பினும், பயிற்சியை உடனே நிறுத்தி அவனை விசாரித்தல் ஆசிரியரின் கடமையாகும்.