கடனோடு வந்த பாலிசி: கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கேட்கலாம்

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால், குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் யாரும் பணம் எடுத்து வைப்பதில்லை. அதே நாம் கடனுக்காகப் போய் உட்கார்ந்தால், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

ஈக்காட்டுத்தாங்கலில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவரின் அனுபவத்தை அவர் சம்மதத்துடன் எழுதுகிறோம். கடைக்கு மேலுள்ள வீட்டை வாங்க 12 லட்சம் கடன் கேட்டார். "இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஸார். ஒரே தடவைதான் கட்டுவீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் கடன் முழுவதும் அடைந்துவிடும்" என்றார்கள். கடன் பணத்திலிருந்தே 60,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். மறு வருடம் இரண்டாவது பிரீமியத்துக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அது கடனுக்கான காப்பீடே அல்ல. பத்து வருடம் கட்ட வேண்டிய எண்டோமென்ட் பாலிசி. காப்புத் தொகை 6 லட்சம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் மீதிக் கடன் குடும்பத்தின் தலையில்தான்.

"அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டது நான்தானே, யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார். விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கச் சொன்னோம். வந்தது. அதில் தொழில் 'தனியார் கம்பெனி ஊழியர்' என்றும், வருமானம் அவர் வரிக் கணக்கில் காட்டியதைப் போல் மூன்று மடங்காகவும் எழுதியிருந்தது. நிரப்பியது வேறு கை என்பதற்கு அந்தத் தாளே சாட்சியாக நின்றது. முடிவில் பாலிசி ரத்தாகி, கட்டிய பிரீமியம் திரும்பி வந்தது.

வழி இதுதான். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பக் கிடைக்கும். இந்த 30 நாள் அவகாசம் 2024 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு உண்டு. அது கடந்துவிட்டால், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2023 முதல் 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் மேலே போகத் தடையில்லை. தனிநபர் உரிமையில் நடக்கும் கடைகளின் பாலிசிகளும் இதில் அடக்கம்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே இரண்டு வருடக் கெடு. ஒரு சேவை வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019ஆம் வருடச் சட்டம் முறையற்றது என்கிறது. ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. பிரிட்டனில் 1980களிலும் 1990களிலும் வீட்டுக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலை எண்டோமென்ட் பாலிசி அடைத்துவிடும் என்று சொல்லி விற்றார்கள். முதிர்வுத் தொகை கடனுக்குப் போதாமல் போனபோது, தவறாக விற்கப்பட்டதாக முறையிட்ட ஏராளமானோர் நஷ்டஈடு பெற்றார்கள். கெடு தாண்டி வந்த பலருடைய புகார்கள் ஏற்கப்படவில்லை. அங்கேயும் இங்கேயும் பாடம் ஒன்றே: தாமதம்தான் பெரிய நஷ்டம்.

காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நம் பகுதிக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் ஒரு நகல், வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

வியாபாரிகளே, ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மட்டமான சரக்கைத் திருப்பி அனுப்ப நாம் தயங்குவதில்லை. இதுவும் சரக்குதான். இன்று இரவு கடை சாத்திய பிறகு உங்கள் பாலிசியை எடுத்து, எத்தனை வருடம் கட்ட வேண்டும், காப்புத் தொகை எவ்வளவு என்ற இரண்டு வரிகளை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.