அச்சில் இல்லாத அருங்காட்சியகப் பட்டியல் நூல்களின் மின்பதிப்பு

அருங்காட்சியகப் பொருள்களை எண், கிடைத்த இடம், அளவு, காலம், படம் ஆகியவற்றுடன் விவரிக்கும் நூலே பட்டியல் நூல். குறைந்த படிகளே அச்சாவதால் இவை சில ஆண்டுகளில் விற்றுத் தீர்கின்றன, மறுபதிப்பு அரிது. இவற்றைப் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வழங்கும் பணி உலகெங்கும் நடைபெறுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2012இலும், லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி நிறுவனம் 2014இலும் தம் பழைய வெளியீடுகளை இவ்வாறு திறந்துவிட்டன.

சேலத்துடன் தொடர்புள்ள ஒரு நூல்

1851இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகம் பல பட்டியல் நூல்களை வெளியிட்டுள்ளது. கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் எழுதிய உலோகத் திருமேனிகளின் பட்டியல் (1932), சி. சிவராமமூர்த்தியின் அமராவதிச் சிற்பங்கள் (1942) ஆகியவை புகழ்பெற்றவை.

சேலம் பகுதி மாணவர்களுக்கு இவற்றினும் நெருக்கமானது இராபர்ட் புரூஸ் ஃபுட் தொகுத்த பட்டியல். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் இவர். பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். இவருடைய சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912இல் அவர் மறைந்தபின், பட்டியல் 1914இலும் அதன் விளக்கத் தொகுதி 1916இலும் வெளிவந்தன. சேர்வராயன் மலையில் கிடைத்த, தேய்த்து மெருகேற்றிய புதிய கற்காலக் கற்கோடரிகளும் இந்தச் சேகரிப்பில் உள்ளன. அச்சுப் படியைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்த இந்நூலை இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படிக்கலாம்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி அரசு வெளியீடுகளுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1932இல் வெளிவந்த அரசுப் பட்டியல் இன்று பொதுவுடைமை. தனியார் எழுதிய நூல்களுக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து இக்கணக்கு தொடங்கும். அச்சில் கிடைக்காத நூல் எல்லாம் உரிமை தீர்ந்த நூல் அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

படியெடுப்பில் உள்ள குறைகள்

இந்திய மின்னூலகத் திட்டத்தில் படியெடுக்கப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை சாம்பல் நிறம் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் படிகள். எழுத்தைப் படிக்க இது போதும். ஆனால் ஒளிப்படப் பக்கங்கள் கறுப்புத் திட்டுகளாகிவிடுகின்றன. கலைப் பட்டியலுக்குப் படமே உயிர் என்பதால், படப் பக்கங்களை வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ தனியாக எடுப்பது அவசியம். மடிப்புப் பக்கங்களை விரித்து எடுப்பதும், நூற்பெயரைப் பிழையின்றிப் பதிவதும் அவ்வாறே.

படம் ஏன் முக்கியம்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர் திருமேனியை ஆஸ்திரேலியா 2014இல் திருப்பி அளித்தது. அது இக்கோயிலுடையதே என நிறுவ, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் உதவின. தெளிவான படமும் அளவும் கொண்ட பட்டியலும் இத்தகைய சான்றே. அது யாவர்க்கும் கிட்டும்போது களவுப் பொருளை அடையாளம் காண்பது எளிதாகிறது.

தமிழில் செய்ய வேண்டியது

இந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஊர்ப்பெயர்கள் பழைய ஆங்கில உச்சரிப்பில் எழுதப்பட்டிருப்பதால் தமிழில் தேடினால் சிக்குவதில்லை. மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. பழைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அடங்கும்; நாமக்கல் வட்டம் சில காலம் திருச்சிராப்பள்ளியுடன் இருந்தது; நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே ஒவ்வொரு பட்டியலுக்கும், இன்றைய ஊர்ப்பெயர், வட்டம், பொருளின் எண், பக்க எண் ஆகியவை கொண்ட தமிழ் அகரவரிசை தேவை. கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்தால் இதைத் தொகுத்துவிடலாம். அப்போது ஏற்காட்டு மாணவர் ஒருவர் தம் மலையில் கிடைத்த கற்கோடரி எந்த எண்ணில் பதிவாகியுள்ளது என்பதைத் தம் ஊரிலிருந்தே அறிய முடியும்.