யாழ்ப்பாணத்து முந்திரிகையும் அதன் இரசமும்

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து முந்திரிகைக் குலையை விலைக்கு வாங்குவோர், அது தன் சுபாவத்துக்கு மாறான ஒரு தேசத்தில் விளைந்த பழமென்று எண்ணுவது அரிது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 50 பாகை வரையுள்ள நாடுகளே இக்கொடிக்கு உரியவை. குளிரிலே இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்திலே துளிர்த்துப் பூப்பது அதன் வழக்கம். பத்தாம் பாகையையும் எட்டாத யாழ்ப்பாணத்தில் அந்த உறக்கத்துக்கு இடமில்லை.

வெட்டாது விட்டால் ஆண்டு முழுவதும் பசுமையாய்ப் படர்ந்து, இலையிலும் தண்டிலுமே தன் சக்தியைச் செலவிடும் இக்கொடியைப் பந்தலில் ஏற்றி, முற்றிய கொம்புகளைக் குறித்த காலத்தில் கத்தரித்து, எஞ்சிய அரும்புகளை ஒருங்கே துளிர்க்கச் செய்வதே தோட்டக்காரரின் வித்தை; குளிர்காலம் செய்யவேண்டிய காரியத்தை அங்கே கத்தரி செய்கிறது. ஏறக்குறைய நான்கு மாதங்களில் குலை பழுத்துவிடுமாதலால் ஆண்டில் இருமுறையும் அறுவடை செய்யலாம். சுண்ணாம்புக் கல்லின் மேலமைந்த, நீர் தேங்காத செம்மண்ணும் கிணற்று இறைப்பும் இப்பயிருக்குத் துணை. வடகீழ்ப் பருவமழையோ பகை. ஈரம் நின்றால் இலையையும் குலையையும் பங்கசு நோய் பற்றுமாகையால், பழுக்கும் நாள் மழைநாளோடு சந்தியாதபடி கத்தரிக்கும் நாளைக் கணிக்க வேண்டும்.

இப்பழத்தை இரசமாக்கும் தொழிலில், தோலகட்டிச் செபமாலைத் தாசர் சபைத் துறவிகள் நினைக்கத்தக்கவர்கள். தோமஸ் அடிகளார் 1928இல் நிறுவிய அச்சபையார், செபத்தோடு உழைப்பையும் விரதமாகக் கொண்டு, நெல்லி இரசத்தாலும் முந்திரிகை இரசத்தாலும் பெயர்பெற்றனர். கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயம் முதலாக எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும், திருப்பலிக்குரிய இரசம் முந்திரிகைக் கனியிலிருந்தே உண்டானதாயிருத்தல் வேண்டுமென்பது திருச்சபை விதி.

சாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் என்னும் நுண்ணுயிர் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதே நொதித்தல். லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் வெல்லம் நொதித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம் உண்டாகும். செந்நிறம் பெரும்பாலும் தோலிலிருந்தே இறங்குகிறது. ஆதலால் சிவந்த இரசத்துக்குச் சாற்றைத் தோலோடு ஊறவிடுவர். வெப்பம் மிகுந்தால் மதுவம் சோர்ந்து, நொதித்தல் இடையிலே நின்றுவிடும். அன்றியும், வெப்பமான இரவுகளில் கனி தன் புளிப்பையே சுவாசத்தில் எரித்துவிடுவதால், இரசம் சுவை சமன்படாது போகும்.

மகாராட்டிரத்து நாசிக்கில், 1990களின் பிற்பகுதி தொட்டு, இரசத்துக்குரிய சாதிகளைத் தேர்ந்து நட்டு, மழை ஓய்ந்தபின் கத்தரித்து, குளிர்ந்த இரவுகளில் பழுக்கவைத்துப் பெருந்தொழில் வளர்த்தனர். யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற இஸ்ரேல் புளூ உண்பதற்கேற்ற சாதி. குளிர்ந்த இரவுகளும் அங்கே அரிது. எனவே, வெம்மையிலும் புளிப்பிழவாத சாதிகளைத் தேடுவதும், நொதிக்கும் கலங்களைக் குளிர்மையாகக் காப்பதுமே நம்மவர் முதலிற் செய்யத்தக்கவை. உறக்கமில்லாத கொடியையே காய்க்கவைத்த உழவருக்கு இவையும் கைகூடாத காரியங்கள் அல்ல.