காடு கேட்டவர்களுக்கு வயல் கிடைத்தது

இடம்பெயர்ந்தவர் என்றதும் குண்டுக்கும் ஷெல்லுக்கும் அஞ்சி மூட்டையுடன் ஓடியவர்களையே நாம் நினைக்கிறோம். அது இயல்பே, நீங்கள் பட்டது அது. ஆனால் ஒரு வர்த்தமானி அறிவித்தலாலும் ஒரு சமூகம் இடம்பெயர்ந்தது. அவர்கள் நம் நாட்டின் ஆதிக் குடிகளான வேடர்கள்.

மகியங்கனைக்கு அப்பால் தம்பானையைச் சூழ்ந்த காடுகளில் வாழ்ந்த இவர்கள் தம்மை 'வன்னியலெத்தோ' என்பர். காட்டு மக்கள் என்பது அதன் பொருள். துரித மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு நீரேந்து பகுதியும், காட்டு விலங்குகளுக்குப் புகலிடமும் தேவைப்பட்டன. எனவே 1983 நவம்பரில் ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர் பரப்பு மதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தேசியப் பூங்காவினுள் வேட்டையாட முடியாது; தேன் எடுக்க முடியாது; அனுமதியின்றி நுழையவும் முடியாது. நேற்றுவரை வீட்டு முற்றமாக இருந்த இடத்தில் கால் வைப்பது மறுநாள் குற்றமாகிவிட்டது. யானைக்கும் மானுக்கும் இடம் ஒதுக்கியவர்கள், அவற்றோடு வாழ்ந்த மனிதரை மறந்துபோனது எப்படியோ!

பல குடும்பங்கள் ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமி போக மறுத்துவிட்டார். 1998இல் இறக்கும்வரை அவர் தம்பானையிலேயே இருந்தார். அவருடைய மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார்.

குடியேற்றத்தில் மகாவலி முறைப்படி இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. விவசாயிகளான உங்களுக்கு இது நல்ல பங்காகத் தோன்றும். வாய்க்கால் நீர் பாயும் இரண்டரை ஏக்கருக்காக ஏங்குபவர்கள் உங்களிடையே எத்தனை பேர்! ஆனால் வேடரின் வாழ்வு வேறு கணக்கில் நடந்தது. ஆவணியில் காடு வெட்டி எரித்து, ஐப்பசி மழைக்குக் குரக்கனும் சோளமும் விதைப்பர். ஓரிரு போகத்துக்குப் பின் அந்தச் சேனையைக் கைவிட்டு வேறிடம் செல்வர். காடு மீண்டும் வளர்ந்து மண்ணைத் தேற்றும். சேனை பொய்த்தால் கிழங்கு இருந்தது, பழம் இருந்தது, வேட்டை இருந்தது. எஞ்சிய இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் சேமிக்கும் வழக்கத்தை 1681இலேயே றொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். வயலிலோ ஒரே பயிர். விதைநெல், பசளை, கிருமிநாசினி எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். போகம் பிழைத்தால் கடன். அந்தக் காணியைத் துண்டாக்கிப் பல பிள்ளைகளுக்குப் பிரிக்கவும் சட்டம் இடம் தராது. ஒருவருக்கு மட்டுமே அது போகும். மற்றவர்கள் கூலிக்குப் போவார்கள்.

தம்பானையில் எஞ்சியோருக்கு உல்லாசப் பயணிகள் ஒரு வருமானம். தோளில் கோடரியுடனும் கையில் வில்லுடனும் நின்று படம் எடுக்க விடுவதைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. வேட்டையைத் தடுத்தபின் வில்லுக்கு வேறு என்ன வேலை?

நம் பக்கத்திலும் வேடர்கள் இருக்கிறார்கள். வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் வாழும் கரையோர வேடர்கள் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். களப்பில் மீன், சிறு சேனை, விறகு, கோடையில் தேன் என்று அவர்களுடைய சீவியம் போகிறது. 2004இல் ஆழிப்பேரலை அந்தக் கரையைத் தாக்கியது. 2006 இறுதியில் போர் வந்தபோது வாகரை மக்களோடு அவர்களும் காடும் களப்பும் கடந்து ஓடினார்கள். உங்களில் சிலர் அதே முகாம்களில் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்திருப்பீர்கள். அவர்கள் வேடர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. 2012 குடிசன மதிப்பீட்டின் இனப் பட்டியலிலும் அவர்களுக்குத் தனி இடம் இருக்கவில்லை.

2010இல், குருவாகிப் புதிதாகப் பணிக்கு வந்த காலத்தில், மீள்குடியேறியோருக்கான வாழ்வாதாரப் படிவம் ஒன்றை நானே தயாரித்தேன். வயல் எத்தனை ஏக்கர், உறுதி இலக்கம் என்ன, இழந்த மாடுகள் எத்தனை என்று கட்டங்கள் இருந்தன. வாகரைப் பக்கத்தில் ஒரு வேட மூதாட்டி எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்றே சொன்னார். எதையும் இழக்காதவர் என்று அவரைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளினேன். எழுந்து போகும்போது, காட்டுக்குப் போக விடுவார்களா, தம்பிச் சாமி, என்று மட்டும் கேட்டார். அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். உறுதி உள்ளவனுக்கே உதவி என்று நாம் ஒழுங்கு வகுத்தபோது, உறுதியே இல்லாமல் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டோம்.

பின்னர் சில குடும்பங்களோடு தேன் வேலை ஒன்றைத் தொடங்கினோம். காட்டிலிருந்து வரும் தேனை வியாபாரிகள் அடிவிலைக்கே வாங்கி வந்தனர். அடையை முழுவதுமாகப் பிழிவதால் புழுவும் மகரந்தமும் கலந்து தேன் புளித்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது பொய்யுமல்ல. ஆகவே புழு அடையை வெட்டி ஒதுக்கி, மூடிய தேனடையை மட்டும் துணியில் வைத்துத் தானாக வடியவிட்டு, ஈரமில்லாத போத்தலில் அடைக்கப் பழகினோம். பழக்கியவர்கள் நாங்கள் என்று பெருமை பேச முடியாது. அடையில் ஒரு பகுதியைத் தேனீக்கு விட்டு வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்களே.

அந்த மூதாட்டி இப்போது இல்லை. அவருடைய பேரன் இவ்வாண்டு தேனோடு வந்தான். எத்தனை போத்தல் என்று கேட்டேன். பதினொன்று என்றான். காட்டுக்குள் போக இம்முறை எவரும் மறிக்கவில்லையா என்று கேட்டதற்குச் சிரித்தான், பதில் சொல்லவில்லை.