கேட்பவர், கேளாதவர், கொடுப்பவர்

சில மாதங்களுக்கு முன் எங்கள் அரபுக் கல்லூரியில் ‘வள்ளுஹா’ அத்தியாயத்திற்கு விரிவுரை நடத்திக்கொண்டிருந்தேன். யாசிப்பவரை விரட்டலாகாது என்று நபி (ஸல்) அவர்களை முன்னிலைப்படுத்தி அல்லாஹ் கட்டளையிடும் பத்தாவது வசனத்தை விளக்கி முடித்ததும், ஒரு மாணவர் தயக்கத்துடன் எழுந்து, “ஹஸ்ரத், கேட்பவர் பொய் சொல்கிறார் என்று நமக்குத் தோன்றினாலும் விரட்டக் கூடாதா?” என்று கேட்டார். வினா பொதுவானதுதான். ஆனால் அதன் பின்னணி எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். முதல்நாள் மாலை பேருந்து நிலையத்தில் என் பையைச் சுமந்துகொண்டு உடன் வந்தவர் அவர். மருந்துச் சீட்டொன்றைக் காட்டிக் கையேந்திய மூதாட்டியின் முகத்தைக்கூடப் பாராமல், புறங்கையை அசைத்துவிட்டு நான் நடந்ததை அவர் பார்த்திருந்தார்.

அவ்வாறு நடந்துகொண்டதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், மனைவி அரசு மருத்துவமனையில் இருப்பதாகவும் ஊர் திரும்பக் கையில் காசில்லை என்றும் கண்ணீர் விட்ட ஒருவருக்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன். இரண்டு மாதங்கள் கழித்து வேறொரு ஊரின் பேருந்து நிலையத்தில் அதே மனிதர் அதே கதையை, அதே கண்ணீருடன், என்னிடமே சொன்னார். அன்று முதல் பொது இடத்தில் கையேந்துவோர் அனைவரையும் அவருடைய முகத்தைக் கொண்டே பார்க்கத் தொடங்கினேன். மாணவரின் வினாவுக்கு அன்று நான் அளித்த விடை சுருக்கமானது, எனக்கே நிறைவளிக்காதது. பிறகு நூல்களைப் புரட்டி, சிந்தித்து, தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இரு தரப்புக்கும் இருவேறு அறிவுரைகள்

யாசகம் பற்றி இஸ்லாத்தின் மூலாதாரங்களில் இரு வகைச் செய்திகள் காணப்படுகின்றன. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றக்கூடும்.

முதல் வகை, யாசிப்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. செல்வத்தைப் பெருக்கிக்கொள்வதற்காக மக்களிடம் கேட்பவர் நெருப்புக் கங்குகளையே கேட்கிறார் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதே நூலில் கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. பிறரிடையே சமரசம் செய்வதற்காகப் பொருட்சுமையை ஏற்றுக்கொண்டவர், பேரிடரில் உடைமைகளை இழந்தவர், வறுமைக்கு ஆளாகி அதனைத் தம் சமூகத்தின் அறிவார்ந்த மூவர் உறுதிப்படுத்தப் பெற்றவர் ஆகிய மூவருக்கு மட்டுமே யாசிப்பதற்கு அனுமதி உண்டு. அதுவும் தேவை நிறைவேறும்வரைதான் என்று அது வரையறுக்கிறது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ‘துர்ருல் முக்தார்’, ஒரு நாள் உணவு கையிலுள்ளவர் உணவுக்காக யாசிப்பது ஆகாது என்றும், அவருடைய நிலையை அறிந்துகொண்டே கொடுப்பவரும் குற்றவாளியாவார் என்றும் கூறுகிறது.

இரண்டாம் வகை, கேட்பவரின் உரிமையைப் பேசுகிறது. இறையச்சமுடையோரின் செல்வத்தில் கேட்பவருக்கும் (ஸாயில்), கிடைக்கப் பெறாதவருக்கும் (மஹ்ரூம்) பங்குண்டு என்பதைத் ‘தாரியாத்’, ‘மஆரிஜ்’ ஆகிய இரு அத்தியாயங்களும் எடுத்துரைக்கின்றன. அங்கே ஆளப்பட்டுள்ள சொல் ‘ஹக்’ என்பதாகும். அதாவது, அது கொடுப்பவரின் பெருந்தன்மையால் பிறக்கும் சலுகையாக அங்கே கூறப்படவில்லை.

இவ்விரு வகைகளையும் ஒருசேர ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். கண்டிக்கும் செய்திகள் அனைத்தும் பெரும்பாலும் கேட்பவரை நோக்கியவை. விரட்டாதே என்பவை கொடுப்பவரை நோக்கியவை. கேட்பவர் தம் மானத்தையும் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் தம் செல்வத்திலுள்ள கடமையை எண்ணிப் பார்க்க வேண்டும். நாமோ இவற்றை இடம் மாற்றிக்கொள்கிறோம். கேட்பவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை எடுத்து, நம் கையை மூடிக்கொள்வதற்கு ஆதாரமாக்குகிறோம். அந்த மாலையில் நான் செய்த பிழை இதுவே.

தமிழ் மரபும் இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்திருப்பது கவனத்திற்குரியது. திருக்குறளில் ‘இரவு’ 106ஆம் அதிகாரம். ‘இரவச்சம்’ 107ஆம் அதிகாரம். முன்னது இரப்பின் இயல்பையும், பின்னது இரத்தலின் இழிவையும் பேசுகின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை வள்ளுவர் விட்டுவிடவில்லை.

ஏமாற்றப்பட்டால் நன்மை உண்டா?

‘கொடுத்தது தகுதியற்றவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால்?’ என்பதே நம்மில் பலருடைய அச்சம். இதற்கு இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் ஒரு தனிப் பாடத்தையே ஒதுக்கியுள்ளார். செல்வந்தர் ஒருவருக்கு அறியாமல் தர்மம் செய்துவிட்டால் என்பது அதன் தலைப்பு. முற்காலத்து மனிதர் ஒருவர் ஓரிரவு தர்மம் செய்யச் சென்று, அறியாமல் ஒரு திருடனிடம் கொடுத்தார். ஊரார் அதைப் பேசினர். அடுத்தடுத்த முயற்சிகளில் அது விபசாரி ஒருத்தியிடமும், பின்னர் செல்வந்தர் ஒருவரிடமும் போய்ச் சேர்ந்தது. அவருடைய தர்மம் வீணாகவில்லை என்றும், அதனால் திருடன் திருட்டையும் அப்பெண் தன் தொழிலையும் விட்டுவிடக்கூடும், செல்வந்தர் படிப்பினை பெற்றுத் தாமும் கொடுக்கக்கூடும் என்றும் அவருக்கு உணர்த்தப்பட்டதாக அந்த நபிமொழி அமைந்துள்ளது.

அதையடுத்த பாடத்தில் மஅன் பின் யஸீத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வருகிறது. அவருடைய தந்தை தர்மம் செய்வதற்கென்று சில தீனார்களைப் பள்ளிவாசலில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அதை மகனே போய்ப் பெற்றுக்கொண்டார். தந்தை ஆட்சேபித்தார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, தந்தைக்கு அவர் எண்ணிய நன்மை உண்டு, மகனுக்கு அவர் பெற்ற பொருள் உண்டு எனத் தீர்ப்பளித்தார்கள். கொடுப்பவரின் கணக்கும் பெறுபவரின் கணக்கும் தனித்தனியே எழுதப்படுகின்றன என்பது இவற்றால் விளங்குகிறது. எனவே, என்னை ஏமாற்றியவர் தம் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர். அந்த இருநூறு ரூபாயைப் பொறுத்தவரை எனக்கு இழப்பேதும் இல்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் எத்தனை பேரை நான் முகம் பாராமல் கடந்தேனோ, அதற்கான கணக்கு மட்டும் என்னுடையது.

ஜகாத்துக்கு ஓர் அளவுகோல், ஸதகாவுக்கு வேறு

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. விருப்ப தர்மமாகிய ஸதகாவுக்குரிய தளர்வு, கடமையாகிய ஜகாத்துக்கு அப்படியே பொருந்தாது. ‘தவ்பா’ அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடையோரை எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. தகுதியை ஆராய்ந்து, ஏழை என்று நம்பிக் கொடுத்தபின் அவர் செல்வந்தர் எனத் தெரியவந்தால், ஜகாத் நிறைவேறிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. மீண்டும் கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபிலும், செல்வத்தின் உரிமையாளர் தாமே வழங்கியிருந்தால் அது நிறைவேறாது என்பதே வலுவான கூற்று. தமிழகத்தில் இவ்விரு மத்ஹபினரும் வாழ்வதால் இதனை அறிந்திருப்பது பயனுள்ளது.

ஆகவே, சாலையில் கேட்கும் முன்பின் அறியாதவருக்கு ஜகாத் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது பேணுதலான வழியன்று. ஜகாத்தை விசாரித்து, முகவரி அறிந்து, உரியவரைத் தேடிச் சென்று சேர்ப்பிக்க வேண்டும். வழியில் கேட்போருக்கென்று ஸதகாவைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஸதகாவில் மத வேறுபாடும் இல்லை. ‘பகரா’ அத்தியாயத்தின் 272ஆம் வசனம் முஸ்லிமல்லாதோருக்கு வழங்குவது தொடர்பாக அருளப்பட்டது என விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத் தக்கது. பார்வையிழந்த முதியவர் ஒருவர் வாசலில் யாசிப்பதைக் கண்ட கலீஃபா உமர் (ரலி), அவர் யூதர் என்பதையும், முதுமையும் தேவையும் வரியும் அவரை அந்நிலைக்குத் தள்ளியுள்ளன என்பதையும் கேட்டறிந்தார்கள். தம் இல்லத்திற்குக் கைபிடித்து அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். அத்துடன் நிறுத்தாமல், அவரையும் அவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு பைத்துல்மாலின் பொறுப்பாளருக்கு ஆணையிட்டு, அவர்கள்மீதிருந்த வரியையும் நீக்கினார்கள். உடனடி உதவி, நிலையான ஏற்பாடு என இரண்டும் அங்கே இருந்தன. நாம் பெரும்பாலும் முதலாவதைச் செய்து மனநிறைவு அடைகிறோம். அல்லது இரண்டாவது இல்லையே என்று குறைகூறி முதலாவதையும் விட்டுவிடுகிறோம்.

உழைக்க வல்லவர் கேட்டால்

உடல் வலிமையுள்ள இருவர் ஜகாத் பொருளில் பங்கு கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி அபூதாவூத், நஸாஈ நூல்களில் உள்ளது. நபியவர்கள் அவ்விருவரையும் மேலும் கீழும் நோக்கினார்கள். செல்வந்தருக்கும் உழைத்துப் பொருளீட்டும் வலிமையுடையவருக்கும் இதில் பங்கில்லை என்பதை எடுத்துரைத்து, அவர்கள் விரும்பினால் தருவதாகக் கூறினார்கள். குறுக்கு விசாரணை இல்லை, அவமானப்படுத்தல் இல்லை. விதியைச் சொல்லி, முடிவைக் கேட்டவரின் மனசாட்சியிடம் விட்டுவிட்டார்கள்.

அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் ஏலத்தில் இரண்டு திர்ஹமுக்கு விற்று, ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து, தம் கையாலேயே அதற்குப் பிடி பூட்டிக் கொடுத்த நிகழ்ச்சியும் பலரும் அறிந்ததே. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து விமர்சனம் உண்டெனினும், அதன் கருத்து நம் சிந்தனைக்குரியது. ‘போய் வேலை செய்’ என்று சொல்வது எளிது. அந்த நிகழ்ச்சியில் அச்சொல்லுக்கு முன்னால் ஒரு நாள் உணவும், ஒரு கோடரியும், அதற்குப் பிடி போட்ட ஒரு கையும் இருந்தன.

இன்றைய சூழலில்

நம் நாட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, யாசகர்களும் நாடோடிகளுமாக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவுசெய்தது. சென்னை மாகாணத்தில் 1945ஆம் ஆண்டிலேயே யாசகத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தண்டிப்பதால் வறுமை தீராது என்னும் எண்ணம் பிற்காலத்தில் வலுப்பெற்றது. தில்லியில் நடைமுறையிலிருந்த சட்டத்தின் பல பிரிவுகளை 2018ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், யாசகர்களைத் தெருக்களிலிருந்து அகற்றுவது பற்றிய மனு 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, மேட்டிமைப் பார்வையோடு இதனை அணுக இயலாது என்றும், வேறு வழியின்மையே பலரை இந்நிலைக்குத் தள்ளுகிறது என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தனர்.

எனினும், கண்மூடிக் கொடுப்பதே அறம் என்று கொள்வதும் பிழை. குறிப்பாகக் குழந்தைகள் கையேந்தும்போது, நாம் தரும் நாணயம் அவர்களை அங்கு நிறுத்தியவரிடம் செல்லக்கூடும். குழந்தைகளை யாசகத்தில் ஈடுபடுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அக்குழந்தைக்கு உணவை அங்கேயே உண்ணக் கொடுத்து, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பதே உண்மையான தர்மம். கைவிடப்பட்ட முதியோருக்காக 14567 என்னும் எண் உள்ளது. மருந்துச் சீட்டைக் காட்டுபவருக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் அம்மருந்தை வாங்கித் தரலாம். பயணச் செலவு கேட்பவரைப் பேருந்தில் ஏற்றிப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். உண்மையான தேவையுள்ளவர் இதனால் மகிழ்வார். அல்லாதவர் தாமே விலகிச் செல்வார். யாரையும் பொய்யர் என்று அழைக்கும் தேவை நமக்கு நேராது.

கொடுக்க இயலாத நேரமும் உண்டு. அப்போது கனிவான சொல்லையேனும் சொல்லுமாறு ‘பனூ இஸ்ராயீல்’ அத்தியாயத்தின் 28ஆம் வசனம் பணிக்கிறது. தொல்லை பின்தொடரும் தர்மத்தைவிட இனிய சொல்லும் மன்னிப்பும் மேலானவை என்பது ‘பகரா’ அத்தியாயத்தின் 263ஆம் வசனத்தின் கருத்து.

கேளாதவரின் பங்கு

இறுதியாக, ‘மஹ்ரூம்’ என்னும் சொல்லுக்கு மீண்டும் வருவோம். ஓரிரு கவளங்களுக்காக மக்களிடையே சுற்றி வருபவரைவிட, தேவையை நிறைவேற்றிக்கொள்ள வழியின்றியும் பிறர் அறியாவண்ணம் வாழ்பவரே உண்மையான ஏழை என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. ‘பகரா’ 273ஆம் வசனம் சுட்டுவதும் இவர்களையே. தன்மானத்தால் கேளாதிருப்பதால் அறியாதவர் இவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிவிடுவர். கணவனை இழந்து தையல் இயந்திரத்தை நம்பி வாழும் பெண்ணும், மருத்துவச் செலவால் கடையை மூடியவரும், சொற்ப ஊதியத்தில் குடும்பம் நடத்தும் பள்ளிவாசல் முஅத்தினும் பேருந்து நிலையத்தில் நம் முன் வந்து நிற்கமாட்டார்கள். நம் தர்மத்தின் பெரும்பகுதி இவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இத்தகையோரின் பட்டியலை மறைவாகப் பேணி, அவர்களின் கண்ணியம் குறையாதவாறு உதவுவது காலத்தின் தேவை.

அந்த மூதாட்டியை அதன்பின் நான் காணவில்லை. சட்டைப்பையின் ஒரு பக்கத்தில் சிறு தொகையைத் தனியே வைத்துக்கொண்டு வெளியே செல்வதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டுள்ளேன். அது தீர்ந்துவிட்டால், “இன்று இல்லை, மன்னியுங்கள்” என்று கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். என் மாணவருக்கு நான் தந்திருக்க வேண்டிய விடையும் இதுதான்: கேட்பவரின் உள்ளத்தை ஆராயும் பொறுப்பு நமக்கில்லை, நம் கையையும் நாவையும் பேணும் பொறுப்பு நமக்குண்டு. கொடுக்கும்போதும் மறுக்கும்போதும் பண்பு தவறாதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.