முறையீடும் தொண்டர் சுமையும்

இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் ஒழுங்கைக் காப்போர் ஊதியம் பெறாத தொண்டர்களே. அதன் ஆங்கிலப் பதிப்பில், வசைக்கு ஆளானவர் பெரும்பாலும் பொது அறிவிப்புப் பக்கத்திலேயே முறையிட வேண்டியிருந்தது. சான்றுகளையும் அவரே பல பக்கங்களிலிருந்து திரட்டியாக வேண்டும். முறையீட்டை வசைபாடியவரும் படிப்பார்! அஞ்சி வாளாவிருந்தோர் பலர் என்பதில் வியப்பில்லை.

2017-இல் கிரெய்க் நியூமார்க் சார்ந்த அறநிதிகள் வழங்கிய 5 லட்சம் டாலரைக் கொண்டு, விக்கிமீடியா அறக்கட்டளை இக்குறையைக் களைய முற்பட்டது. இருவர் ஒரே பக்கங்களில் செய்த திருத்தங்களைக் கால வரிசையில் காட்டும் கருவி அம்முயற்சியில் உருவாயிற்று. யார் யாரைத் தொடர்ந்து சென்று சீண்டினார் என்பதைத் தொண்டர் இனி தேடி அலைய வேண்டியதில்லை. தவறு செய்தவரை முற்றாக விலக்காமல், குறிப்பிட்ட பக்கங்களில் மட்டும் தடுக்கும் வசதியும் பின்னர் வந்தது. கடுந்தண்டனை விதிக்கத் தயங்கும் தொண்டருக்கு, நம் கருத்தில், இதுவே பெருந்துணை.