பெட்ரோலை ஆவியாக்கி ஓட்டினால் லிட்டருக்கு 100 கி.மீ. கிடைக்குமா? வைரல் வீடியோக்களும் இன்ஜின் கணக்கும்

காலை ஷிப்ட்டுக்காக பொன்னேரி, கவரைப்பேட்டை, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என நாலாபக்கமும் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நோக்கி பைக்குகள் கிளம்புகின்றன. தினமும் போக வர 60 கி.மீ. ஓட்டும் ஒரு தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கி.மீ. வண்டி லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்தால் 31 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,100 ரூபாய் டேங்க்குக்குள் போய்விடுகிறது.

இந்த நிலைமையில்தான் செல்போனில் அந்த வீடியோ வந்து நிற்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு டியூப், உள்ளே குமிழ் விடும் பெட்ரோல். "பெட்ரோலை அப்படியே ஊத்தாதீங்க, ஆவியாக்கி ஓட்டுங்க, 100 கிலோமீட்டர் கியாரண்டி" என்கிறது குரல். அது உண்மையானால் மாதச் செலவு பாதியாகிவிடும். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு ஆசை வருகிறது. ஆனால் இது நடக்குமா?

ஆவி இன்ஜின் என்றால் என்ன?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலந்து, அந்தக் கலவைதான் எரிகிறது. இது அறிவியல் உண்மை. வீடியோக்கள் இந்த உண்மையில் இருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்து அவர்கள் சொல்வதுதான் சிக்கல். "இன்ஜினுக்குள் பெட்ரோல் துளித் துளியாகப் போகிறது, பாதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது, முன்கூட்டியே ஆவியாக்கிவிட்டால் முழுசாக எரியும், மைலேஜ் இரட்டிப்பாகும்" என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இது புது ஐடியாவா?

இல்லை. காரின் வரலாறே ஆவியில்தான் தொடங்குகிறது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில், எரிபொருளின் மேல்பரப்பில் இருந்து ஆவியை இழுக்கும் கார்புரேட்டர்தான் இருந்தது. எரிபொருள் என்பது பல பொருட்களின் கலவை. லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும், கனமான பகுதி அடியில் தங்கிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் அது சரிப்படவில்லை. 1890-களில் வில்ஹெல்ம் மேபாக் எரிபொருளைத் தூவும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். உலகம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆனால் ஆசை விடவில்லை. 1930-களில் கனடாவின் சார்லஸ் நெல்சன் போக், ஆவி கார்புரேட்டருக்கு அடுத்தடுத்து காப்புரிமைகள் வாங்கினார். கேலனுக்கு 200 மைல் என்று பேச்சு பரவியது. 1977-ல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் டாம் ஓகல் என்ற இளைஞர், பெரிய ஃபோர்டு காரில் 2 கேலன் பெட்ரோலில் 100 மைல் ஓட்டியதாகச் சொன்னார். இரண்டுமே சந்தைக்கு வரவில்லை.

"எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிட்டன" என்பது இன்றுவரை ஓடும் கதை. ஆனால் காப்புரிமை என்றாலே விவரத்தை ஊருக்கே காட்டிவிட்டுப் பெறுவது. போக்கின் காப்புரிமைகள் காலாவதியாகி பல பத்தாண்டுகள் ஆகின்றன. யார் வேண்டுமானாலும் ஒரு பைசா ராயல்டி இல்லாமல் செய்யலாம். ஒரு கிலோமீட்டர் மைலேஜ் கூட்டிக் காட்டினாலே விற்பனை எகிறும் இந்தியாவில்கூட எந்த பைக் நிறுவனமும் அதைச் செய்யவில்லை.

அப்போ மைலேஜ் எங்கே போகிறது?

இங்கேதான் இன்ஜின் கணக்கு வருகிறது. சூடேறி நன்றாக ஓடும் இன்ஜினில், உள்ளே போகும் பெட்ரோலில் சுமார் 95 முதல் 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. பாதி எரியாமல் போகிறது என்பது தவறு. அப்படிப் போனால் வண்டி புகைப் பரிசோதனையில் தேறாது, சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறியே பாழாகிவிடும்.

ஆவியாக்கி 100 சதவீதம் எரித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது அந்த மிச்சமிருக்கும் சில சதவீதம்தான். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி 52 கொடுக்கலாம். 100 கொடுக்காது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. எரிந்த பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு, கொஞ்சம் கூடப் போனால் 30 சதவீதம்தான் வண்டியைத் தள்ளும் வேலையாக மாறுகிறது. மீதி எல்லாம் சூடு. ஒரு பகுதி சைலன்சர் வழியாக, இன்னொரு பகுதி இன்ஜின் உடம்பு வழியாக வெளியேறுகிறது. பெட்ரோல் ஆவியாகப் போனாலும் துளியாகப் போனாலும் இந்தச் சூடு இழப்பு அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு பின்விளைவும் உண்டு. எரிபொருளையும் காற்றையும் சூடாக்கி அனுப்பினால் காற்று விரிந்து அடர்த்தி குறையும். சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறையும், இழுவை குறையும். இன்ஜின் 'டக் டக்' என்று தட்டவும் ஆரம்பிக்கும்.

சிஎன்ஜி பைக் சொல்லும் சாட்சி

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. முழுக்க முழுக்க வாயுவாகவே இன்ஜினுக்குள் போகும் எரிபொருள் ஏற்கெனவே ரோட்டில் இருக்கிறது. அதுதான் சிஎன்ஜி.

2024 ஜூலையில் பஜாஜ் நிறுவனம் ஃப்ரீடம் 125 என்ற சிஎன்ஜி பைக்கை அறிமுகம் செய்தது. ஒரே இன்ஜின், ஒரே வண்டி, இரண்டு எரிபொருள். நிறுவனம் சொல்லும் கணக்கு, ஒரு கிலோ சிஎன்ஜிக்கு 102 கி.மீ., ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 65 கி.மீ.

பார்த்தீர்களா, வாயு ஜெயித்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ சிஎன்ஜியில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட சுமார் ஒன்றரை மடங்கு. 65-ஐ ஒன்றரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 98. சக்தி அளவில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எரிபொருள் வாயுவாக இருப்பதால் மட்டும் மைலேஜ் இரண்டு மடங்காகவில்லை.

சென்னை எல்பிஜி ஆட்டோக்களும் இதையே சொல்கின்றன. டேங்க்கில் திரவமாக இருக்கும் எல்பிஜி, வேப்பரைசர் என்ற பாகத்தில் வாயுவாக மாறித்தான் இன்ஜினுக்குப் போகிறது. ஒரு வகையில் அதுவும் 'ஆவி இன்ஜின்'தான். ஆனால் ஒரு லிட்டர் எல்பிஜியில் சக்தி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் லிட்டர் கணக்கில் மைலேஜும் குறைவு. விலை மலிவு என்பதுதான் அதன் லாபம்.

வீடியோவில் மட்டும் எப்படி ஓடுகிறது?

சில வழிகள் உண்டு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டினால் சுமையே இல்லை, கொஞ்சம் ஆவியிலேயே இன்ஜின் ஓடும். 100 மில்லி ஊற்றிச் சோதிக்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் ஏற்கெனவே மிச்சமிருக்கும் பெட்ரோல் கணக்கில் வராது. ஆள் இல்லாத ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் எந்த வண்டியும் நல்ல மைலேஜ் காட்டும்.

சிலர் பெட்ரோல் அளவைக் குறைத்து, காற்றைக் கூட்டி வைத்துவிடுவார்கள். பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று ரொம்பக் கூடினால் இழுவை போய்விடும், இன்ஜின் கொதிக்கும், வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும். மிச்சப்படுத்திய பெட்ரோல் காசு மெக்கானிக் பில்லில் போய்விடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளைச் சோதித்திருக்கிறது. மிகச் சில மட்டுமே கொஞ்சம் பலன் தந்தன. மைலேஜை இரட்டிப்பாக்கிய கருவி ஒன்றுகூட இல்லை.

தமிழ்நாடு பார்த்த பாடம்

இந்த மாதிரி நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. 1996-ல் ராஜபாளையம் அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையையும் தண்ணீரையும் வைத்து பெட்ரோல் தயாரிப்பதாக அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. பின்னர் பெட்ரோலியப் பொருட்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக சிபிஐ வழக்கு தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் மேலும் 4 பேருக்கும் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தன் கண்டுபிடிப்பு உண்மை என்றே அவர் சொல்லி வந்தார்.

பெட்ரோல் விலை கடிக்கும்போதெல்லாம் இப்படி ஒரு அதிசயம் வரும். அதை நம்பிக் காசு போடுபவர் பெரும்பாலும் வசதி இல்லாதவர்தான்.

ஆபத்து என்ன?

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து தீ. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் 150 லிட்டருக்கும் மேல் இடத்தை அடைக்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் இன்ஜின் அடியிலும் தரையிலும் தங்கும். இருக்கைக்குக் கீழே ஒரு டப்பா நிறைய ஆவியை வைத்துக்கொண்டு, சூடான சைலன்சர் பக்கத்தில் ஓட்டுவது வெடி மேல் உட்கார்ந்து போவதற்குச் சமம்.

சட்டமும் அனுமதிக்காது. மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளைமும் சிக்கலாகும்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்களிடம் பெட்ரோல் ஆவியை வீணாக்காத கருவி ஏற்கெனவே இருக்கிறது. டேங்க்கில் கிளம்பும் ஆவியை கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்துவைத்து இன்ஜினுக்கே அனுப்புகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஃப்யூல் இன்ஜெக்ஷன் பெட்ரோலை மிக நுண்ணிய துளிகளாகத் தூவுகிறது. டப்பாக்காரர் சொல்வதில் உருப்படியான பகுதியை கம்பெனிகளே பாதுகாப்பாகச் செய்து கொடுத்துவிட்டன.

'முன்ன மாதிரி மைலேஜ் இல்லையே?'

இந்தப் புகாருக்கு ஒரு காரணம் இ20 பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீத எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 50 கி.மீ. கொடுத்த வண்டி 48 கொடுக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் வண்டியைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் மைலேஜ் கூட்டுவது எப்படி?

மைலேஜைக் கூட்டும் வழி இன்ஜின் வடிவமைப்பில் இருக்கிறது என்பதற்கு வடசென்னையே சாட்சி. திருவொற்றியூர் ஆலையில் தயாரான என்ஃபீல்டு டீசல் புல்லட் லிட்டருக்கு 70 கி.மீ.க்கு மேல் கொடுத்ததை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜினின் அதிக அழுத்தம்தான் காரணம், மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் வேகம் குறைவு, புகை அதிகம். மாசுக் கட்டுப்பாடு இறுகியதும் அதன் காலம் முடிந்தது.

இன்று கையில் இருக்கும் வண்டிக்குச் செய்யக்கூடியவை இவைதான்.

வாரம் ஒருமுறை டயர் காற்றைச் சரிபார்க்கலாம். செயினுக்கு எண்ணெய் விட்டு, தொய்வு இல்லாமல் வைக்கலாம். லாரிகள் கிளப்பும் தூசி அதிகமுள்ள சிப்காட் சாலைகளில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் 70-ல் போவதைவிட 50-ல் போனால் காற்றின் எதிர்ப்பு பாதியாகக் குறையும். மைலேஜைக் கண்டுபிடிக்க டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவதுதான் சரியான வழி.

இதெல்லாம் சேர்ந்து 50 கி.மீ. கொடுத்த வண்டி 55 கொடுத்தால், அந்தத் தொழிலாளிக்கு மாதம் சுமார் 280 ரூபாய், வருடத்துக்கு 3,400 ரூபாய் மிச்சம். வீடியோ காட்டும் கனவைவிட இது சின்னத் தொகைதான். ஆனால் இந்தக் காசு உண்மையில் பாக்கெட்டில் நிற்கும். வண்டியும் பத்திரமாக வீடு வந்து சேரும்.